நிலக்கரி அனல்மின் நிலையங்களில் சூரிய வெப்ப இணைப்பு: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் அனல்மின் நிலையங்களின் நீராவிச் சுற்றில் சூரிய வெப்பத்தையும் சேர்த்து, எரிக்கப்படும் கரியையும் அதனால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடையும் குறைப்பதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரிக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட சூரிய வெப்பம், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் நிலக்கரியின் துணையாகக் கருதப்படலாயிற்று. ஆஸ்திரேலியாவின் லிடெல், கோகன் கிரீக், அமெரிக்காவின் கேமியோ, இந்தியாவின் தாத்ரி ஆகிய இடங்களில் நிகழ்ந்த முயற்சிகள் இக்கருத்தின் வலிமையையும் வரம்பையும் புலப்படுத்துகின்றன. நிலக்கரி நிலையத்தின் சுழலியையும் மின்தொடரையும் பகிர்ந்துகொண்டமையால் கிடைத்த சிக்கனமே, அந்நிலையத்தின் அளவு, ஆயுள், வணிக நிலை ஆகியவற்றுக்குச் சூரிய வெப்பத்தைக் கட்டுப்படுத்தியது என்பது இக்கட்டுரை நிறுவும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சூரிய வெப்பம், அனல்மின் நிலையம், ஊட்டுநீர், நேரியல் பிரெனெல் ஆடி, கரி உமிழ்வு, லிடெல், கோகன் கிரீக், தாத்ரி.

முன்னுரை

நிலக்கரி அனல்மின் நிலையம் என்பது அடிப்படையில் ஒரு மாபெரும் நீராவிப் பொறி. கரியை எரித்து நீரை உயர் அழுத்த நீராவியாக்கி, அந்நீராவியால் சுழலியைச் சுழற்றி, சுழலியோடு இணைந்த மின்னாக்கியிலிருந்து மின்சாரம் பெறப்படுகிறது. சுழலிக்கு வந்துசேரும் நீராவி கரியின் வெப்பத்தால் ஆனதா, கதிரவனின் வெப்பத்தால் ஆனதா என்னும் வேறுபாடு சுழலிக்கு இல்லை. இந்த எளிய உண்மையே இங்கு ஆராயப்படும் கருத்தின் வித்தாகும்.

சூரிய வெப்பத்தால் மட்டுமே இயங்கும் மின்நிலையம் ஒன்றை எழுப்புவதற்கு ஆடிகளோடு சுழலி, மின்னாக்கி, குளிர்விப்பான், மின்தொடர், பணியாளர் என அனைத்தையும் புதிதாக அமைக்க வேண்டும். ஏற்கெனவே இயங்கிவரும் நிலக்கரி நிலையத்தில் இவை யாவும் உள்ளன. ஆகவே ஆடிகளை மட்டும் நிறுவி, அவை திரட்டும் வெப்பத்தை அந்நிலையத்தின் நீராவிச் சுற்றில் செலுத்தினால் செலவு பெரிதும் குறையும். வெயில் இல்லாத வேளையில் கரி கைகொடுப்பதால் வெப்பத்தைச் சேமித்துவைக்க வேண்டிய தேவையும் எழாது. தாளில் பார்க்கும்போது குறைகாண அரிதான இக்கருத்து, அரை நூற்றாண்டுக் காலமாகப் பொறியியல் ஆய்வுகளில் தொடர்ந்து பாராட்டப்பட்டு வந்துள்ளது. ஆயினும் உலகின் நிலக்கரி நிலையங்களுள் இதை ஏற்றவை விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. அவற்றுள்ளும் முழு அளவில் நிலைபெற்றது ஒன்றுமில்லை. நன்கு இயங்கக்கூடிய ஒரு கருத்து ஏன் வேரூன்றவில்லை என்னும் வினாவிற்கு அதன் வரலாற்றினூடாக விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாற்றாகக் கருதப்பட்ட காலம்

சூரிய வெப்பத்தால் நீராவிப் பொறியை இயக்கும் முயற்சி, நிலக்கரி தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்தோடு பிறந்தது. பிரித்தானியப் பொருளியலறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் நிலக்கரிச் சிக்கல் பற்றிய தம் நூலை 1865இல் வெளியிட்டார். அதே காலப்பகுதியில் பிரான்சில் கணித ஆசிரியராகப் பணியாற்றிய ஒகுஸ்தான் மூஷோ, கூம்பு வடிவ ஆடியின் நடுவே கொதிகலனை வைத்து நீராவி எழுப்பும் ஆய்வுகளில் ஈடுபட்டார். சூரிய வெப்பமும் அதன் தொழிற் பயன்களும் பற்றிய அவருடைய நூல் 1869இல் வெளிவந்தது. 1878ஆம் ஆண்டுப் பாரிசு உலகப் பொருட்காட்சியில் அவர் தம் சூரியப் பொறியைக் கொண்டு பனிக்கட்டி உண்டாக்கிக் காட்டினார். வெயிலின் வெம்மையால் குளிர்மையை ஆக்கிய அக்காட்சி பெரும் வியப்பை விளைவித்தது. பொருட்காட்சியில் அவர் பொற்பதக்கமும் பெற்றார். எனினும் பிரான்சில் நிலக்கரியின் விலை குறைந்து அதன் வரத்தும் எளிதாகிவிட்டமையால், சூரியப் பொறி சிக்கனமானதன்று என்ற முடிவுக்கு அரசு வந்தது.

அதே 1878ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து இப்பொருள் குறித்த மற்றொரு நூல் வெளியாயிற்று என்பது இந்திய வரலாற்று நோக்கில் கருதத்தக்கது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராகப் பணியாற்றிய வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர், வெப்ப மண்டல நாடுகளில் எரிபொருளுக்கு மாற்றாகச் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துவது பற்றி அந்நூலை எழுதினார். மூஷோவின் வளைந்த உலோக ஆடிக்குப் பதிலாக, பாதரசம் பூசிய கண்ணாடியினும் மேம்பட்ட வெள்ளிப்பூச்சுடைய சிறுசிறு தட்டைக் கண்ணாடிகள் பலவற்றை வளைவாக அடுக்கி, ஒளி முழுவதையும் ஒரே கொதிகலன்மீது விழச்செய்தமை அவருடைய புதுமை. கொலாபாவில் அவர் அமைத்த பொறி இரண்டரைக் குதிரைத்திறன் கொண்ட நீரேற்றியை இயக்கியது. விறகும் நிலக்கரியும் விலைமிகுந்தும் வெயில் மலிந்தும் இருந்த இந்தியாவில் இது பயன்படும் என்பது அவருடைய நம்பிக்கை. வளைந்த பேராடிக்கு மாற்றாகத் தட்டைக் கண்ணாடிகளை அடுக்கும் அவருடைய வழி, பின்னாளில் வேறு வடிவங்களில் மீண்டும் தோன்றியது.

இக்காலத்தின் உச்சம் எகிப்தில் எய்தப்பட்டது. அமெரிக்கப் பொறியாளர் பிராங்க் ஷூமன், கெய்ரோவுக்கு அருகிலுள்ள மாதியில் பரவளையத் தொட்டி வடிவிலான ஐந்து ஆடி வரிசைகளை அமைத்து, 1913இல் நைல் ஆற்றுநீரை வயல்களுக்கு இறைத்துக் காட்டினார். ஒவ்வொரு வரிசையும் 204 அடி நீளமும் 13 அடி அகலமும் உடையது. எகிப்தில் நிலக்கரி இல்லை. கப்பலில் வந்த பிரித்தானியக் கரியின் விலையோ மிகுதி. அவ்விடத்தில் சூரியப் பொறி கரியோடு போட்டியிட இயன்றது. ஆனால் 1914இல் மூண்ட முதல் உலகப் போர் அம்முயற்சியை முடித்துவைத்தது. ஷூமன் 1918இல் மறைந்தார். போருக்குப் பின் மலிந்த எண்ணெய் அவ்விடத்தை நிரப்பிக்கொண்டது.

மூஷோ, ஆடம்ஸ், ஷூமன் ஆகிய மூவருக்கும் பொதுவான ஒரு நிலைப்பாடு உண்டு. சூரிய வெப்பம் கரியின் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பதே அது. ஆகவே கரியின் விலை உயர்ந்திருந்த இடத்திலும் காலத்திலும் அவர்களுடைய பொறிகளுக்கு மதிப்பிருந்தது. விலை வீழ்ந்தபோது அம்மதிப்பும் வீழ்ந்தது.

மாற்றிலிருந்து துணைக்கு

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி மேலைநாடுகளில் எரிபொருள் பற்றிய சிந்தனையை மாற்றியது. அந்நெருக்கடியை அடுத்து 1975இல் சோஷக், வூ என்னும் இருவர், சூரிய வெப்பத்தை நேரடியாக எரிபொருள் நிலையத்தில் செலுத்துவது குறித்த ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். 800 மெகாவாட் நிலையம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஊட்டுநீரைச் சூடேற்றுதல், நீரை ஆவியாக்குதல், ஆவியை மேலும் சூடேற்றுதல், எரிதலுக்கான காற்றைச் சூடேற்றுதல் முதலாக ஏழு வழிகளை அவர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். இத்துறையின் பிற்கால ஆய்வுகள் பலவும் அக்கட்டுரையைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்கின்றன.

இங்கு நிகழ்ந்த கருத்து மாற்றம் நுட்பமானது. சூரிய வெப்பம் கரியை அகற்ற வந்த போட்டியாளன் என்ற நிலை மாறி, கரி நிலையத்துக்கு உள்ளேயே இடம்பெறும் துணை என்ற நிலை உருவாயிற்று. கரியும் கதிரும் ஒரே சுழலியைச் சுழற்றும் இவ்வமைப்பில் இரண்டுக்கும் இடையே பகைமை இல்லை. அக்காலத்தில் இதன் நோக்கம் எரிபொருள் சிக்கனமே. புவி வெப்பமாதல் பற்றிய கவலை 1990களில் வலுப்பெற்ற பின்னரே, உமிழ்வைக் குறைக்கும் வழி என்ற புதிய பொருள் இதற்கு ஏற்றப்பட்டது.

இவ்விடைக்காலத்தில் தனித்தியங்கும் சூரிய வெப்ப நிலையங்களும் தோன்றின. கலிபோர்னியாவின் மொகாவே பாலைநிலத்தில் லூஸ் நிறுவனம் 1984 முதல் 1990 வரை ஒன்பது நிலையங்களை அடுத்தடுத்து அமைத்தது. அவற்றின் மொத்தத் திறன் 354 மெகாவாட். வெயில் குறைந்த வேளைகளுக்காக அவையும் இயற்கை எரிவாயுவைத் துணையாகக் கொண்டிருந்தன. லூஸ் நிறுவனம் 1991இல் நொடித்துப்போனது. ஆயினும் அந்நிலையங்கள் தொடர்ந்து இயங்கி, ஆடிகளால் பேரளவில் நீராவி எழுப்ப இயலும் என்பதை ஐயமற நிறுவின. எனவே பிற்கால இணைப்பு முயற்சிகளைத் தடுத்தது தொழில்நுட்பத்தின் இயலாமை என்று கூறுவதற்கில்லை.

இணைப்பின் இயங்குமுறை

அனல்மின் நிலையத்தில் சுழலியை விட்டு வெளியேறும் நீராவி குளிர்விப்பானில் மீண்டும் நீராகிறது. அந்நீர் கொதிகலனுக்குத் திரும்பும்போது அது ஊட்டுநீர் எனப்படும். குளிர்ந்த நீரை அப்படியே கொதிகலனில் செலுத்தினால் கரி வீணாகும் என்பதால், சுழலியின் இடைநிலைகளிலிருந்து ஓரளவு நீராவியைப் பிரித்தெடுத்து, அதைக்கொண்டு ஊட்டுநீரைப் படிப்படியாகச் சூடேற்றுவர். இவ்வாறு பிரித்தெடுக்கப்படும் நீராவி, சுழலியில் தொடர்ந்து சென்றிருந்தால் இன்னும் சற்று மின்சாரம் தந்திருக்கும்.

சூரிய வெப்ப இணைப்பின் மிக எளிய வடிவம் இங்கேதான் நுழைகிறது. ஊட்டுநீரைச் சூடேற்றும் பணியை ஆடிகள் மேற்கொண்டால், பிரித்தெடுக்கப்பட வேண்டிய நீராவி சுழலியிலேயே தங்கிவிடுகிறது. இதனால் இரண்டு பயன்களுள் ஒன்றைப் பெறலாம். அதே அளவு கரியை எரித்து மிகுதியான மின்சாரம் பெறுவது ஒன்று. அதே அளவு மின்சாரத்தைக் குறைந்த கரியைக்கொண்டு பெறுவது மற்றொன்று. முன்னதைத் திறன்கூட்டு முறை என்றும் பின்னதை எரிபொருள் சேமிப்பு முறை என்றும் கூறலாம்.

இதில் வெப்ப இயக்கவியல் சார்ந்த ஒரு நன்மையும் உண்டு. நீரைச் சூடேற்றுவதற்குச் சுமார் 250 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலை போதுமானது. எளிய ஆடிகளே அதனைத் தரவல்லவை. தனித்து இயங்கும் நிலையத்தில் அத்தகைய தாழ்ந்த வெப்பநிலை நீராவியால் சுழலியை இயக்கினால் பயனுறுதிறன் மிகக் குறைவாக இருக்கும். ஆனால் 540 பாகை செல்சியஸ் அளவில் இயங்கும் நிலக்கரி நிலையத்தின் சுற்றில் அதே வெப்பம் சேரும்போது, அது விடுவிக்கும் நீராவி உயர்தரப் பெருஞ்சுழலியில் வேலை செய்கிறது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய எரிக் ஹு முதலானோர், சூரியத் துணையுடைய மின்னாக்கம் என்ற பெயரில் இந்நன்மையை விரிவாக ஆராய்ந்தனர். தனித்து நின்றால் சிறிதளவே பயன்தரும் வெப்பம், துணையாகச் சேரும்போது கூடுதலாகப் பயன்படுகிறது என்பது அவ்வாய்வுகளின் சாரம்.

லிடெல்: முதல் நடைமுறைச் சான்று

இக்கருத்து நடைமுறைக்கு வந்த இடங்களுள் முதன்மையானது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள லிடெல் மின்நிலையம். நிலக்கரிச் சுரங்கங்கள் மலிந்த ஹண்டர் பள்ளத்தாக்கில், தலா 500 மெகாவாட் திறனுடைய நான்கு அலகுகளோடு 1970களின் தொடக்கத்தில் அது இயங்கத் தொடங்கியது.

லிடெல்லில் பயன்பட்ட ஆடிகளுக்குத் தனி வரலாறு உண்டு. இத்தாலியரான ஜொவான்னி பிரான்சியா 1960களில், பெரிய வளைந்த ஆடிக்குப் பதிலாகத் தரையோடு ஒட்டிய நீண்ட ஆடிப் பட்டைகள் பலவற்றை வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே திருப்பி, உயரத்திலுள்ள ஒரே குழாயில் ஒளியைக் குவிக்கும் முறையை உருவாக்கினார். நேரியல் பிரெனெல் ஆடி எனப்படும் இம்முறை, சிறு கண்ணாடிகளை அடுக்கிய ஆடம்ஸின் பம்பாய்ப் பொறியை நினைவூட்டுவது. சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ஸ், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகாம் மாரிசன் ஆகியோர் 1990களில் அதனைச் செறிவான வடிவமாக மேம்படுத்தினர். ஆடிகள் தட்டையாகவும் தாழ்வாகவும் இருந்தமையால் செலவு குறைந்தது. காற்றின் தாக்கமும் குறைந்தது. குயின்ஸ்லாந்தின் ஸ்டான்வெல் நிலக்கரி நிலையத்தில் அதனை இணைக்க முதலில் திட்டமிடப்பட்டது. அத்திட்டம் கைவிடப்பட்ட பின், 2004இல் லிடெல்லில் முதற்கட்ட ஆடி வரிசை அமைக்கப்பட்டது. பின்னர் ஜெர்மனியின் நோவாடெக் சோலார் நிறுவனம் 18,490 சதுர மீட்டர் ஆடிப் பரப்பை அங்கு நிறுவி 2012இல் பணியை நிறைவுசெய்தது. அதன் உச்ச வெப்பத் திறன் 9.3 மெகாவாட்.

இவ்வெண்ணை நிலையத்தின் அளவோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது. 500 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் ஓர் அலகுக்கு, பயனுறுதிறன் 35 விழுக்காடு எனக் கொண்டால், சுமார் 1,430 மெகாவாட் வெப்பம் தேவை. நண்பகல் வெயிலில் ஆடிகள் தரும் 9.3 மெகாவாட் அதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நான்கு அலகுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஒரே ஓர் அலகின் வெப்பத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கை நண்பகலில் மட்டும் நிறைவுசெய்யவும் சுமார் 57 எக்டேர் ஆடிப் பரப்பு வேண்டியிருக்கும். வரிசைகளுக்கு இடையே விட வேண்டிய நிலம் இதில் அடங்காது.

லிடெல் நிலையத்தை ஏஜிஎல் நிறுவனம் 2014இல் வாங்கியது. அடுத்த ஆண்டே, முதுமையடைந்த அந்நிலையத்தை 2022இல் மூடப்போவதாக அறிவித்தது; முடிவில் 2023 ஏப்ரலில் அது மூடப்பட்டது. புதிய ஆடிப் பரப்பு நிறைவுற்ற 2012இலேயே அந்நிலையத்தின் அகவை நாற்பதை எட்டியிருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் உழைக்கத்தக்க ஆடிகள், அதில் பாதிக் காலமும் உயிர்வாழ வாய்ப்பில்லாத ஒரு நிலையத்தோடு பிணைக்கப்பட்டன.

கேமியோ: அரையாண்டு ஆய்வு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நிகழ்ந்த முயற்சி இவ்வுண்மையை மேலும் கூர்மையாகக் காட்டுகிறது. கிராண்ட் ஜங்ஷன் நகருக்கு அருகிலிருந்த கேமியோ நிலக்கரி நிலையத்தின் 49 மெகாவாட் அலகொன்றில், எக்செல் எனர்ஜி நிறுவனமும் ஸ்பெயின் நாட்டின் அபென்கோவா நிறுவனமும் இணைந்து பரவளையத் தொட்டி ஆடிகளைப் பொருத்தின. 4 மெகாவாட் வெப்பத் திறனுடைய அவ்வமைப்பு 2010ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இயங்கத் தொடங்கியது. ஆடிகளால் சூடேறிய எண்ணெய், வெப்பமாற்றியின் வழியாக ஊட்டுநீரைச் சூடேற்றியது. நிலக்கரி அலகொன்றோடு சூரிய வெப்பம் இடையூறின்றி இணைந்து இயங்கும் என்பது அங்கு மெய்ப்பிக்கப்பட்டது.

ஆனால் கேமியோ நிலையம் அவ்வாண்டின் இறுதியில் மூடப்பட ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அவ்வாறே மூடவும் பட்டது. மூடவிருந்த நிலையம் ஆய்வுக்கு ஏற்றதாக அமைந்தது என்பது உண்மை. பழுது நேர்ந்தாலும் இழப்புச் சிறிது. எனினும் இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. ஆய்வுக்கு இடங்கொடுக்கும் நிலையம் பழையது. நீண்ட காலம் இயங்கவிருக்கும் புதிய நிலையமோ தன் நீராவிச் சுற்றில் அயலார் கைவைப்பதை எளிதில் ஏற்பதில்லை. அமெரிக்காவின் மின்சக்தி ஆய்வு நிறுவனம் 2009இல் நியூ மெக்சிகோவின் எஸ்கலாண்டே நிலக்கரி நிலையத்தை முன்னிறுத்தி இத்தகைய இணைப்பை ஆராய்ந்தது. அந்நிலையமும் 2020இல் மூடப்பட்டது.

கோகன் கிரீக்: பெருந்திட்டமும் அதன் முடிவும்

புதிய நிலையமொன்றில் பேரளவில் இணைப்பை நிறுவ முயன்ற திட்டம் கோகன் கிரீக். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில அரசுக்கு உரிய சிஎஸ் எனர்ஜி நிறுவனத்தின் இந்நிலையம், 750 மெகாவாட் திறனுடைய ஒரே அலகோடு 2007இல் இயங்கத் தொடங்கியது. ஆகவே லிடெல், கேமியோ ஆகியவற்றுக்கு இருந்த முதுமைக் குறை இதற்கில்லை.

2011இல் பணி தொடங்கிய இத்திட்டத்தின் மதிப்பீடு சுமார் 10.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஊட்டுநீரைச் சூடேற்றுவதோடு நில்லாமல், ஆடிகளே நீராவியை எழுப்பிச் சுழலிக்கு அனுப்பும் வகையில் இது வகுக்கப்பட்டது. உச்ச வெயிலில் 44 மெகாவாட் வரை மின்சாரம் கூடும் என்றும், ஆண்டுக்கு 44,000 மெகாவாட் மணி மின்சாரம் மிகும் என்றும், 35,600 டன் கார்பன் டை ஆக்சைடு தவிர்க்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆடிகளை வழங்கும் பொறுப்பைப் பிரான்சின் அரேவா நிறுவனம் ஏற்றது. டேவிட் மில்ஸ் முதலானோரின் தொழில்நுட்பத்தைக் கலிபோர்னியாவில் வளர்த்த அவுஸ்ரா நிறுவனத்தை அரேவா 2010இல் வாங்கியிருந்தது. சிட்னியில் உருப்பெற்ற கருத்து, கலிபோர்னியாவுக்கும் பிரான்சுக்கும் சென்று, மீண்டும் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பியது.

திட்டம் 2013இல் முடிந்திருக்க வேண்டும். தொழில்நுட்பச் சிக்கல்களாலும் ஒப்பந்தச் சிக்கல்களாலும் அது நீண்டது. 2014இல் அரேவா நிறுவனம் சூரிய வெப்பத் தொழிலிலிருந்தே விலகியது. ஆஸ்திரேலியாவில் 2012 சூலையில் நடைமுறைக்கு வந்த கரி உமிழ்வுக் கட்டணமும் 2014இல் நீக்கப்பட்டது. ஒரு டன் உமிழ்வைத் தவிர்ப்பதற்கு விலை இருந்த சூழல் மறைந்தது. 2016இல் சிஎஸ் எனர்ஜி, பணி நிறைவுறாத நிலையிலேயே திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. நிலையம் மூடப்படவில்லை, அதன் கொதிகலன் முன்போலவே கரியை எரித்தது. ஆடிப் புலம் மட்டும் பயன்படாமல் நின்றது.

இந்திய நிலை

இந்தியாவில் தேசிய அனல்மின் கழகம் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி நிலையத்தில், 210 மெகாவாட் நிலக்கரி அலகொன்றோடு நேரியல் பிரெனெல் ஆடிகளை இணைக்கும் திட்டத்தை மேற்கொண்டது. நாட்டில் இவ்வகையில் இதுவே முதல் முயற்சி. மின்சாரத்தின் பெரும்பகுதியை நிலக்கரியிலிருந்து பெறும் நாட்டில், இயங்கிவரும் நிலையங்களின் கரிச்செலவைக் குறைக்கும் எந்த வழியும் கருதத்தக்கதே. ஆனால் ஒளியைக் குவிக்கும் ஆடிகள் நேர்க்கதிர்களை மட்டுமே பயன்படுத்த வல்லவை. தூசாலும் புகையாலும் சிதறிய ஒளி அவற்றுக்குப் பயன்படாது. டெல்லியை அடுத்த தாத்ரியின் வான்வெளி அதற்கு உகந்ததன்று. பொதுவாகவே நிலக்கரி நிலையங்கள் சுரங்கத்தையும் நீரையும் நகரங்களையும் நாடி அமைந்தவை. தெளிந்த வானையுடைய பாலைநிலத்தை நாடி அமைந்தவை அல்ல.

இதைவிட வலிய தடை சந்தையிலிருந்து வந்தது. 2010 சனவரியில் தொடங்கப்பட்ட தேசியச் சூரியசக்தித் திட்டத்தின் முதல் ஏலம் அவ்வாண்டு திசம்பரில் நடந்தபோது, சூரிய வெப்ப மின்சாரமும் ஒளிமின் கல மின்சாரமும் ஏறத்தாழ ஒரே விலையில், அலகுக்கு 10 ரூபாய்க்கு மேல் 13 ரூபாய்க்குள், கோரப்பட்டன. அவ்வேலத்தில் 470 மெகாவாட் அளவுக்குச் சூரிய வெப்ப நிலையங்கள் ஒதுக்கப்பட்டன. நிறைவுற்றவை ஏறத்தாழப் பாதியே. ஒளிமின் கலங்களின் விலையோ ஆண்டுதோறும் சரிந்தது. 2017இல் இராசத்தானின் பட்லா ஏலத்தில் ஒளிமின் கல மின்சாரத்தின் விலை அலகுக்கு 2.44 ரூபாயாக வீழ்ந்தது. சுழலியோ கொதிகலனோ தேவைப்படாத ஒளிமின் கலங்கள் இவ்வாறு மலிந்த பின், சுழலிச் செலவை மிச்சப்படுத்துவதாகிய இணைப்பு முறையின் முதன்மை நன்மை பொருளிழந்தது.

உமிழ்வுக் குறைப்பு: கணக்கும் பொருளும்

இம்முயற்சிகள் அனைத்தும் உமிழ்வுக் குறைப்பின் பெயரால் முன்வைக்கப்பட்டவை. ஆகவே அச்சொல்லின் பொருளையும் ஆராய்தல் வேண்டும். எரிபொருள் சேமிப்பு முறையில் நிலையம் எரிக்கும் கரி உண்மையிலேயே குறைகிறது. திறன்கூட்டு முறையில் எரியும் கரி குறைவதில்லை; ஓர் அலகு மின்சாரத்துக்கு நேரும் உமிழ்வின் விகிதமே குறைகிறது. மிகுந்த மின்சாரம் வேறெங்கோ எரியவிருந்த கரியைத் தவிர்த்தால்தான் அது குறைப்பு ஆகும். கோகன் கிரீக் திட்டத்தின் 35,600 டன் என்பது இத்தகைய தவிர்ப்புக் கணக்கு. இரு முறைகளையும் ஒரே சொல்லால் குறிப்பது மயக்கத்துக்கு இடந்தருகிறது.

அளவையும் நோக்க வேண்டும். 44 மெகாவாட் என்பது 750 மெகாவாட்டில் ஏறத்தாழ 6 விழுக்காடு. ஆனால் அது உச்ச வெயிலுக்கு உரியது. நிலையம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காடு திறனில் இயங்குவதாகக் கொண்டால், அதன் ஆண்டு மின்னாக்கம் சுமார் 52.5 இலட்சம் மெகாவாட் மணி. அதில் 44,000 மெகாவாட் மணி ஒரு விழுக்காட்டையும் எட்டாது. இரவிலும் மேகமூட்டத்திலும் கரி மட்டுமே எரிவதால், வெப்பத்தைச் சேமிக்காத எந்த இணைப்பும் இவ்வரம்பை அதிகம் கடக்க இயலாது. சேமிப்பைச் சேர்த்தால், இணைப்பு முறையின் சிக்கனம் குன்றும்.

இன்னொரு வினாவும் உள்ளது. ஒரு விழுக்காட்டுக் குறைப்பைப் பெற்ற நிலையம், அதன் பெயரால் மேலும் பத்தாண்டு இயங்க இசைவு பெறுமாயின், மொத்த உமிழ்வு கூடும். மேற்கண்ட நிலையங்களுள் எதுவும் அவ்வாறு ஆயுள் நீட்டிக்கப்பட்டதாகக் கூறுவதற்கில்லை. லிடெல்லும் கேமியோவும் ஆடிகளைப் பொருட்படுத்தாமலே மூடப்பட்டன. எனினும் துணையின் பயனை மதிப்பிடும்போது, அது எதற்குத் துணைநிற்கிறது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதை இவ்வினா உணர்த்துகிறது.

முடிவுரை

மூஷோவும் ஆடம்ஸும் ஷூமனும் சூரிய வெப்பத்தைக் கரிக்கு மாற்றாகக் கொண்டனர். கரியின் விலை அவர்களை வென்றது. 1975க்குப் பின் வந்தோர் அப்போட்டியைத் தவிர்க்கக் கரியோடே இணங்கிப்போகும் வழியைத் தேர்ந்தனர். அவ்வழியில் பொறியியல் இடர் பெரிதாக எழவில்லை. ஆடிகள் வெப்பம் தந்தன; சுழலிகள் அதனை ஏற்றன. ஆனால் சார்ந்து நின்றமையால் வந்த சிக்கனத்துக்கு மூன்று வகையில் விலை கொடுக்க நேர்ந்தது. நிலையத்தின் பேரளவுக்கு முன் ஆடிகளின் பங்கு சிறுத்தது. நிலையத்தின் ஆயுளே ஆடிகளின் ஆயுளாயிற்று. உரிமையாளரின் வணிகக் கணக்கு மாறியபோது முதலில் வெட்டுண்டது ஆடிப் புலமே. கொழுகொம்பைப் பற்றிப் படரும் கொடி, தனக்கெனத் தண்டை வளர்க்கும் செலவின்றி உயர்கிறது. கொம்பு சாய்ந்தால் அதுவும் சாயும்.

இவ்வரலாறு சூரிய வெப்பத்தின் தோல்வியைக் காட்டுவதாகக் கொள்ளுதல் பொருந்தாது. எகிப்தில் மாதியின் ஆடிகள் ஓய்ந்து நூற்றாண்டு நெருங்கிய நிலையில், அதே நைல் கரையை ஒட்டிய குரைமத்தில் 2011இல் எரிவாயு நிலையமொன்றோடு பரவளையத் தொட்டி ஆடிகள் இணைக்கப்பட்டன. அண்மைக் காலத்தில் ஜெர்மனியிலும் சிலியிலும் முன்வைக்கப்படும் கருத்து இவ்வரலாற்றைத் தலைகீழாக்குவது. நிலக்கரிக் கொதிகலனை அகற்றிவிட்டு, உருகிய உப்பில் சேமித்த வெப்பத்தால் பழைய சுழலியை இயக்குவது அது. நிலையத்தின் சுழலியையும் மின்தொடரையும் பணியாளரின் திறனையும் காத்து, கரியை மட்டும் விலக்குவது அதன் நோக்கம். அது நிறைவேறுமாயின், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பம்பாயில் ஆடம்ஸ் கூறிய மாற்று என்னும் கருத்து, துணை என்னும் இடைநிலையைக் கடந்து மீண்டும் எழுந்ததாகும். துணையாக நின்ற காலம் கற்பித்த பாடம் ஒன்றே: கரியைக் குறைப்பதற்கென அமைக்கப்படும் எதுவும், கரி நீங்கிய பின்னும் நிலைத்துநிற்கும் வகையில் அமைதல் வேண்டும்.